பாரின் இடத்தை யாருக்குச் சொல்வது: சென்னைக் குப்பம் ஒன்றில் இரண்டு வருட அனுபவம்

தென்சென்னைக் கடற்கரையில் ஒரு மீனவக் குப்பம். அங்கே பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளின் இடம் உட்பட, பெரியவர்களின் கடலறிவைக் கைப்பேசியில் பதிந்துவைக்கலாம் என்று ஒரு வேலை ஆரம்பித்தது. ஏழே மாதத்தில் அது ஊரை இரண்டாகப் பிரிக்கிற அளவுக்குப் போனது, அப்புறம் ஊர்க்காரர்களே அதைச் சரிசெய்தார்கள். அந்த வேலையில் தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். பிழைப்பு மென்பொருள், குடியிருப்பது குப்பத்திலிருந்து பத்து நிமிட நடையில். வேறு கடற்கரை ஊர்களில் இதே மாதிரி தொடங்க நினைக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இதில் இல்லை. கடல் அடையாளங்களாக நான் சொல்பவையும் உதாரணத்துக்குத்தான், உண்மையானவை வேறு. பஞ்சாயத்தாருக்கு முழுதாக வாசித்துக் காட்டி, அவர்கள் எடுக்கச் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன்.

பின்னணி

2004 சுனாமிக்கு முன்னால் இந்தக் கரையில் கட்டுமரம்தான் அதிகம். நிவாரணத்தோடு ஃபைபர் படகுகள் வந்தன, எஞ்சின் வந்தது, தூரமாகப் போய்வருவது சுலபமானது. ஆனால் இன்றைக்கு 55 வயதுக்கு மேலே இருக்கிற எல்லோரும் கட்டுமரத்தில் தொழில் கற்றவர்கள். அது அவர்கள் கரையில் நிற்கும் விதத்திலேயே தெரியும். விடிய மூன்று மணிக்குத் தண்ணீர் ஓரத்தில் வந்து நின்று, அலை எத்தனை அடுக்காக உடைகிறது, காற்று வாடையா கொண்டலா, வெள்ளம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படகைத் தொடுவார்கள். கடலின் நீரோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள்.

மீனவர்களைக் கடல்சார் பழங்குடியினராக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. அரசுப் பட்டியலில் அவர்கள் இப்போதும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்தான். பட்டியல் எப்படி இருந்தாலும் கடலுக்கு அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. எந்த வலையை எந்தக் காலத்தில் போடக்கூடாது, ஒருவன் வலை விட்ட இடத்தில் அடுத்தவன் எவ்வளவு தள்ளி விடவேண்டும், மீறினால் என்ன அபராதம் என்பதெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்மானமாகி நடக்கிறது. இதில் ஒரு வரியைக்கூட யாரும் எழுதிவைத்ததில்லை.

இனி பார் பற்றி. கடலடியில் மணலுக்கும் சேற்றுக்கும் நடுவே கிடக்கும் பாறைத் திட்டைத்தான் பார் என்கிறார்கள். சங்கரா, களவா, பாறை போன்ற மீன்கள் எல்லாம் அங்கே அண்டும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கவேண்டும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நேர் பின்னால் பரங்கிமலை வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு கோடு. மெரினா கலங்கரை விளக்கத்தின் தோளை ஒட்டி அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எட்டிப் பார்க்கிறது, அது இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார்கள். சேறு என்றால் குண்டு மெத்தென்று உட்கார்ந்து, இழுக்கும்போது கொஞ்சம் பிடித்து விடும். பாறை என்றால் விரலுக்கு ஒரு தட்டு வரும். ஒரு பெரியவர் கயிற்றை என் ஆள்காட்டி விரலில் போட்டு, கண்ணை மூடச் சொல்லிக் காட்டினார். அந்தத் தட்டை நான் உணர்வதற்கு நாலாவது தடவை ஆகிவிட்டது. அவர் கயிறு தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே ‘தோ, இப்ப வரும்’ என்றார்.

இந்த இடத்தை யாரும் யாருக்கும் வாயால் சொல்லித் தருவதில்லை. கூடவே போய், கூடவே பார்த்து, வருடக்கணக்கில் ஆகும். அப்பாவோடு மகன் போவான், மச்சானோடு மச்சான் போவான். புதிதாகப் படகில் ஏறிய ஆளுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் எதுவும் பிடிபடாது. நான் இதை வெறும் பயிற்சி முறை என்று நினைத்திருந்தேன். யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதற்குள்ளேயே இருந்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தொடக்கம்

தை மாதம் ஒரு பெரியவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அவர் கடலுக்குப் போகாத அந்த ஒரு மாதத்தில், கூடவே பத்து வருடம் போன மகனால் அப்பாவின் பார்களில் இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண் சரியாகித் திரும்பவும் போனபோது அப்பாவுக்கே ஒன்று தப்பியது. ஊர் மாறிவிட்டது. கடற்கரைச் சாலையை ஒட்டி எழும்பிய அடுக்குமாடிகள் மலையை மறைத்துவிட்டன. ‘மல மறைஞ்சிபோச்சிப்பா. மாதா கோயில மட்டும் வச்சிக்கினு நான் எங்க நிக்கிறது?’ என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மகனும் அவனுடைய கூட்டாளிகள் நாலு பேரும் என்னிடம் வந்தார்கள். அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, பெரியவர்கள் இருக்கும்போதே பார்களை எல்லாம் ஜி.பி.எஸ்.ஸில் பதிந்துவிடவேண்டும். இரண்டாவது, தினமும் காற்று, வெள்ளம், தண்ணீரின் நிறம், என்ன மீன் பட்டது என்று குறித்துவைத்து, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் முன்னறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

இரண்டும் நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கைப்பேசிச் செயலி, ஒரு வாட்ஸ்அப் குழு, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு அட்டவணை. இவ்வளவுதான் ஏற்பாடு. அட்டவணையில் பாரின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மீன், காலம் என்று பத்திகள் போட்டேன்.

முதல் நாலு மாதத்தில் பார்த்தது

மாசி, பங்குனியில் மூன்று பெரியவர்கள் ஐந்து படகுகளில் மாறி மாறிப் போய் 27 பார்களைக் காட்டினார்கள். பையன்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சும்மா தேடி அலைவது குறைந்தது, எண்ணெய்ச் செலவு குறைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தபோது விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, சின்னப் படகுகளுக்கு அந்த வருடம் நல்ல மீன்.

நாட்குறிப்பும் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. ஒரு பெரியவர் குரல் பதிவாக அனுப்புவார், அவருடைய பேத்தி அதைக் கேட்டு எழுதுவாள். இன்காய்ஸ் முன்னறிவிப்பிலோ செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடக்கூடிய இடம் என்று சொல்கிறது. மேகம் மூடினால் அது பார்க்க முடியாது. இந்தப் படகுகள் போகிற கரையோரத்துக்கு அதனால் பெரிய பயனும் இல்லை. ஆனால் அலை உயர முன்னறிவிப்பு விஷயம் வேறு. வைகாசியில் ஒரு நாள் காற்றே இல்லை, கரையும் அமைதி, போகலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அன்று மதியத்துக்கு மேல் அலை படகுத் துறை வரை ஏறி வந்தது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அந்தக் கோடியில் எழும்பி வருகிற அலை அது. இங்கே காற்றில் அதற்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அன்றைக்கு ஒரு பெரியவர் கைப்பேசியை வாங்கி அந்த எச்சரிக்கையை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பேத்தியிடம் ‘அது இன்னா சொல்லுது’ என்று கேட்பது அவருக்கு வழக்கமானது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல் திட்டு எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது, படகை எங்கே இறக்கினால் கவிழாது என்பதை எந்த முன்னறிவிப்பும் சொல்லாது, அது அவருக்குத்தான் தெரியும். இரண்டும் வேறு வேறு தூரத்தைப் பார்க்கின்றன என்று அந்த மாதம் எல்லோருக்கும் புரிந்தது.

நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. 27 பார்களில் பதினெட்டு ஊருக்கே தெரிந்த பொதுப் பார்கள். மீதி ஒன்பது தனித்தனிக் குடும்பங்கள் கண்டுபிடித்து, தங்களுக்குள் வைத்திருந்தவை. அட்டவணையில் எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்தன. யாருடைய பார் என்று ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவில்லை. காட்டிய பெரியவர்களும் கேட்கவில்லை. பையன்கள் கூட வருகிறார்கள், கூட வருகிறவனுக்குக் காட்டுவது வழக்கம்தானே என்று இருந்துவிட்டார்கள். அந்தப் புள்ளி அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முப்பத்தைந்து பேர் கைக்குப் போகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆனிக் கடைசி

தடைக்காலம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். குடும்பப் பார் ஒன்றின் மேல் பழக்கமில்லாத படகு நிற்பதை ஒருவர் பார்த்தார். அடுத்த வாரம் இன்னொரு பாரில். அப்புறம் ராத்திரியில் விசைப்படகு விளக்குகள். தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக்கூடாது. இந்தப் பார்களோ மூன்று மைலுக்குள்ளேயே இருக்கின்றன. விசைப்படகுகள் கடலடியில் இழுக்கும் வலையான இழுவை மடி பாறையில் மாட்டினால் கிழிந்துவிடும் என்பதால் அவர்கள் பாரைத் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் பாரின் துல்லியமான இடம் கையில் இருந்தால் அதன் ஓரத்தை உரசிக்கொண்டு இழுக்கலாம், மீன் மேயப் போய்வருவது அந்த ஓரத்தில்தான். ஒரு பாரில் கணக்குத் தப்பியிருக்கிறது. ஆடி முதல் வாரம் அங்கே தூண்டில் போட்டவர்களுக்கு மீன் வரவில்லை, பச்சை நைலான் வலைத் துண்டுதான் வந்தது. மடி மாட்டிக் கிழிந்து, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விட்டுப்போன வலை சும்மா கிடக்காது, ஆள் இல்லாமலே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும்.

விசாரித்தபோது குழுவில் இருந்த ஒரு பையன், வேறொரு துறைமுகத்தில் வேலைபார்க்கும் தன் சித்தப்பா மகனுக்கு அட்டவணையை அனுப்பியது தெரியவந்தது. விற்பதற்காக அனுப்பவில்லை. எங்கள் ஊர்க் கடலில் இவ்வளவு இருக்கிறது பார் என்று பெருமையாகக் காட்டியிருக்கிறான். இன்னொரு ஓட்டையும் அகப்பட்டது. பாரின் மேல் நின்று பிடித்த மீனைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் போய்விடும். தெளிவாக இருக்கட்டும் என்று ஆவணமாக அனுப்பியதால் அது அப்படியே ஒட்டிக்கொண்டு போயிருந்தது.

நேர்மையாகச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. வந்த படகுகள் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வந்தன என்று எங்களால் நிரூபிக்க முடியாது. விசைப்படகுகளில் ஆழம் பார்க்கும் கருவி உண்டு, தாங்களாகவே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பரம்பரையாக வெளியே தெரியாத நாலு பார்களுக்கு, பட்டியல் வெளியே போன ஒரு மாதத்தில், வெளிப் படகுகள் வந்து நின்றன.

ஆடி மாதக் கூட்டம்

ஏலம் விடுகிற கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். பெரியவர்களில் இருவர் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும், நாட்குறிப்பையும் சேர்த்து, என்றார்கள். பையன்கள் பூட்டுச்சொல் போட்டுவிடலாம் என்றார்கள். முப்பத்தைந்து பேருக்குத் தெரிந்த பூட்டுச்சொல் பூட்டாகாது, ஏற்கெனவே வெளியே போன பிரதியைத் திரும்ப அழைக்கவும் முடியாது என்று நான் சொன்னேன். அனுப்பிய பையனுக்கு அபராதம் என்று பேச்சு வந்தது. கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் எழுந்து, ‘அவன் நம்ம புள்ள. பழம் பறிக்கிற மரத்த அவனுக்குக் காட்னோம், வேலி எங்கன்னு காட்டல’ என்றார். அபராதப் பேச்சு அதோடு நின்றது.

கூட்டத்தைத் திருப்பியது மீன் விற்கும் அக்கா ஒருவர். பஞ்சாயத்தில் பெண்கள் வழக்கமாக ஓரமாக நின்று கேட்பார்கள், அவ்வளவுதான். அன்று அவர் ஓரத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார்: ‘ஊட்டுக்கு வழி கேட்டா சொல்லலாம். பீரோ சாவி எங்க இருக்குன்னு எதுக்குச் சொல்லணும்? ரெண்டும் ஒண்ணா?’

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அப்புறம் எல்லாம் பேசப்பட்டது.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணமும்

காற்று, வெள்ளம், அலை பற்றிய நாட்குறிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும் என்று முடிவானது. அது உயிர் காக்கிற விஷயம், அடுத்த குப்பத்துக்காரனுக்கும் போகட்டும்.

பார்களின் எண்கள் பொது அட்டவணையிலிருந்து மொத்தமாக எடுக்கப்பட்டன, ஊருக்குத் தெரிந்த பதினெட்டும் உட்பட. யாருடைய பாரோ அவருடைய சொந்தக் கருவியில் மட்டும் புள்ளி இருக்கலாம், படகில் கூட வருகிறவனுக்கு அதை அனுப்பக்கூடாது, காட்டலாம். அனுப்புவதற்கும் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். காட்டவேண்டும் என்றால் ஒரே படகில் ஏறவேண்டும், வெயிலில் நிற்கவேண்டும், அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று அதற்குள் தெரிந்துவிடும். பார்களின் பெயர், அதைக் கண்டுபிடித்தவர் கதை, எந்த மாதம் என்ன மீன் என்பதெல்லாம் பெரியவர்களின் குரலிலேயே பதிந்து, இடம் சொல்லாமல், பஞ்சாயத்திடம் ஒரு மெமரி கார்டில் இருக்கட்டும் என்றார்கள்.

கரை விஷயத்தில் எடுத்த முடிவுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, அது நேர் எதிரானது. படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், கருவாடு போடும் திடல், ஏலக் கொட்டகை, கோயில் திடல் ஆகிய எல்லாவற்றையும் அதே ஜி.பி.எஸ். கொண்டு அளந்து, எவ்வளவு பேருக்குத் தெரியப்படுத்த முடியுமோ அவ்வளவு பேருக்கும் தெரியும்படி வரைபடமாக வெளியிடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் உள்ளூர் அளவிலான கடலோர மேலாண்மை வரைபடங்களில் குறிக்கவேண்டும் என்கிறது. வரைபடத்தில் இல்லாத திடல், அதிகாரியின் கண்ணுக்கு வெறும் மணல். நாளைக்கு அங்கே நடைபாதை வரும், பூங்கா வரும். கடலுக்கு அடியில் இருப்பது தெரியாமல் இருந்தால்தான் பிழைக்கும், கரையில் இருப்பது தெரிந்தால்தான் பிழைக்கும். கருவி ஒன்றுதான், விதி இரண்டு. வெளியிலிருந்து போகிற என் போன்றவர்கள் எல்லாத் தரவும் திறந்திருக்கவேண்டும் என்றோ எல்லாம் மூடியிருக்கவேண்டும் என்றோ ஒரே கொள்கையோடு போகிறோம். அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது ஒரு மணி நேரத்தில் பிரிந்து தெரிந்தது.

விசைப்படகுகள் மேல் புகார் கொடுப்பதில் ஒரு சிக்கல். இடத்தைக் குறிப்பிட்டால்தான் புகாருக்கு வலு, குறிப்பிட்டால் பார் இன்னும் நாலு பேருக்குத் தெரியும். கடைசியில் பார் என்ற சொல்லே இல்லாமல், இந்த நேரத்தில் இந்தப் படகு கரையிலிருந்து இத்தனை மைலில் நின்றது என்று படத்தோடு எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு நடந்தது

அட்டவணையை அழித்தேன், முப்பத்தைந்து கைப்பேசிகளையும் ஒன்றொன்றாக வாங்கி, தானாக இணையத்தின் மேகச் சேமிப்புக்குப் (கிளவுட்) போயிருந்த பிரதிகளையும் நீக்கினேன். மூன்று நாள் பிடித்தது. வெளியே போன பிரதி வெளியேதான் இருக்கிறது.

மாட்டிக்கிடந்த வலையை எடுக்க, முங்கத் தெரிந்த நாலு பேர் தண்ணீர் தெளிந்த ஒரு நாளில் போனார்கள். பாதிதான் வெட்டி எடுக்க முடிந்தது. மேலே கொண்டுவந்த துண்டில் அழுகிய களவாவும், செத்துக் கூடாகிப்போன நண்டுகளும் இருந்தன. அடுத்த வருடம் அந்தப் பாரில் கொஞ்சம் மீன் தென்பட்டது, பழையபடி இல்லை. மற்றவற்றில் ஒன்றில் நன்றாகவே இருக்கிறது, இன்னொன்றைப் பற்றி அந்தக் குடும்பம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

கரை வரைபடம் முடிந்து, மனுவோடு கொடுத்தாகிவிட்டது. அதன் பெரிய பிரதி ஒன்று ஏலக் கொட்டகையில் தொங்குகிறது. நாட்குறிப்பு நடந்துகொண்டிருக்கிறது. பேத்தி கல்லூரிக்குப் போய்விட்டதால் இப்போது அவளுடைய தம்பி எழுதுகிறான், எழுத்து கொஞ்சம் கிறுக்கல்தான், ஆனாலும் ஒரு நாள் விடுவதில்லை.

மறுபடி செய்தால் மாற்றிச் செய்பவை

முதல் பார் பதிவாவதற்கு முன்னால் பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பேன். ஐந்து பையன்கள் கேட்டதை ஊர் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். பெரியவர்களிடம் ‘பதியலாமா’ என்று கேட்டோம், அவர்களும் சரி என்றார்கள். ‘பதிந்தால் இத்தனை பேருக்கு, இவ்வளவு சீக்கிரம் போகும், திரும்பி வராது’ என்று ஒரு சோதனைப் படத்தை அனுப்பிக் காட்டியிருந்தால், அந்தச் சரிக்கு அர்த்தம் இருந்திருக்கும். மீன் விற்கும் பெண்களை ஆரம்பத்திலேயே உட்காரவைத்திருக்கவேண்டும், எதை யாரிடம் சொல்வது என்ற கணக்கு தினமும் அவர்கள் வியாபாரத்தில் இருக்கிறது. கைப்பேசிகளில் தானியங்கிச் சேமிப்பையும் கேமராவின் இடக்குறிப்பையும் முதல் நாளே அணைத்திருப்பேன். அட்டவணையில் முதல் பத்தியாக ‘யாருடையது’ என்று போட்டிருப்பேன், அந்த ஒரு பத்தியை நிரப்ப முயன்றிருந்தாலே எல்லாக் கேள்வியும் அப்போதே எழுந்திருக்கும்.

பெரியவருக்குத் தப்பிப்போன அந்தப் பாரை மட்டும் வெகுநாள் யாராலும் பிடிக்க முடியவில்லை. போன மாசியில் அப்பாவும் மகனும் விடியலுக்கு முன்னால் போய்த் தேடியபோது, மலையை மறைத்த அடுக்குமாடிகளில் ஒன்றின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைப் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். எஞ்சினை அணைக்கச் சொல்லி, கொஞ்சம் வடக்கே தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, கயிற்றை இறக்கி மகனின் விரலில் போட்டிருக்கிறார். தட்டியது. மலைக்குப் பதில் இப்போது அந்த விளக்குதான் கோடு. மகன் தன் கருவியில் புள்ளி வைத்துக்கொண்டான். பெரியவர் மறுநாள் கொட்டகைக்கு வந்து, மெமரி கார்டில் இருக்கும் தன்னுடைய பழைய பதிவில் அந்தப் பாரின் கதையைத் திரும்பச் சொல்லவேண்டும் என்றார். பதிந்தோம். எந்தக் கட்டடம் என்று மட்டும் சொல்லவில்லை.